மலையகத்தில் எங்கே சாப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஹட்டன்காரன். ஏப்ரல் லீவும் டிசம்பர் லீவும் வந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வில்லை. கொழும்பிலிருந்து சித்தப்பா, யாழ்ப்பாணத்திலிருந்து கூடப் படித்தவன், மட்டக்களப்பிலிருந்து அவனுக்குத் தெரிந்த இன்னொருவர். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "நாளைக்கு நுவரெலியா போறோம், எங்க சாப்பிடலாம்?" ஒரே பதிலை இருபது தடவை சொல்லிச் சலித்துப்போய்த்தான் எழுதி வைத்தேன். பெரிய ஹோட்டல்களைப் பற்றி இதில் ஒன்றும் கிடையாது. நம் ஊரில் 'ஹோட்டல்' என்றால் சாப்பாட்டுக் கடைதான். அந்தக் கடைகள், பேக்கரிகள், இப்போது புதிதாக முளைத்திருக்கும் கஃபேக்கள், இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சுற்றி வளைக்காமல் ஒரு நல்ல கடையின் பெயரைச் சொல்லுங்களேன்?

சொல்ல மாட்டேன். முன்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சைவக் கடையில் தோசை பிரமாதம் என்று அக்கா வீட்டாரை அனுப்பினேன். தோசை வரட்டி மாதிரி இருந்ததாம். போய் விசாரித்தால், சமையல்காரர் இரண்டு மாதத்துக்கு முன்பே கொழும்புக்குப் போய்விட்டார். அதே போர்டு, அதே மேசை, கல்லாவில் அதே முதலாளி. தோசை போட்ட கை மட்டும் இல்லை. மலையகத்துப் பொடியன்கள் அடுப்படி வேலை படிந்ததும் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அங்கே சம்பளம் கூட. அதனால் கடையின் பெயரைப் பிடித்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள்.

பெயர் இல்லாமல் நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

மணிக்கூட்டைப் பாருங்கள். எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பது இங்கே முக்கியம். உயரமான குளிர் ஊர் என்பதுதான் காரணம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். பருப்பும் கிழங்கும் வேகக் கொழும்பைவிட நேரம் எடுக்கும். பதினொன்றரைக்கே போய் "சோறு ரெடியா?" என்று அவசரப்படுத்தினால் அரை வேக்காட்டுப் பருப்புதான் கிடைக்கும். பிந்திப் போனால் வேறு சிக்கல். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். இரண்டரை மணிக்கு, மழையும் மூட்டமுமாக இருக்கிற நாளில், தட்டில் கிடக்கிற கத்தரிக்காய்ப் பொரியலை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக மெழுகு மாதிரி ஒன்று படிந்திருக்கும். பழையதோ என்று பயப்பட வேண்டாம், ஆறிப்போன எண்ணெய் அது. கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாக்கிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை போகாது.

என் கணக்கு இது. மத்தியானச் சோறு பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில். இடியப்பமும் ரொட்டியும் காலை ஏழிலிருந்து எட்டரை வரை, அல்லது ராத்திரி ஏழுக்கு. வடை எண்ணெயிலிருந்து எடுக்கும்போது. கொத்து ரொட்டி ஆறரைக்குப் பிறகு. ஆள் கூட்டத்தையும் கவனியுங்கள். பஸ்காரர்கள், மரக்கறி லொறிக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் நிற்கிற கடையில் சட்டி சீக்கிரம் காலியாகும். காலியானால் புதிதாக வைப்பார்கள்.

தேயிலை விளைகிற இடத்தில் தேத்தண்ணி நன்றாகத்தானே இருக்கும்?

எல்லோரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது: சாதாரணக் கடைகளில் பாதிக்கு மேல் தேத்தண்ணி சுமார்தான்.

இலங்கையில் விளைகிற தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பலேறிவிடும். 1883 முதல் கொழும்பில் ஏலம் நடக்கிறது. நல்ல இலையெல்லாம் மலையை விட்டு இறங்கி அங்கே போய்விடும். கடைக்கு வருவது டஸ்ட், அதாவது பொடித் தூள். டஸ்டைக் குறைத்துச் சொல்லவில்லை. சாயம் நன்றாக இறங்கும், கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும். ஆனால் அதைத் துணிப் பையில் போட்டுக் காலையிலிருந்து அதே பையில் கொதிதண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், பத்து மணிக்கு உங்கள் கையில் வருவது கசப்பு மட்டும்தான். அதை மூடத்தான் மூன்று கரண்டி சீனி.

பால் தேத்தண்ணியின் கதை இதைவிட வேடிக்கை. அம்பேவளையில் மாட்டுப் பண்ணை, தோட்டத்து லயத்தில் பால் மாடு வளர்க்கிறவர்கள் எத்தனையோ பேர். கடையிலோ பக்கற் பால்மா. 2022 இல் பால்மா இல்லாமல் போனபோது பல கடைகளில் "பிளேன்டீ மட்டும்" என்று காட்போட்டில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் பஸ் நிலையத்துக் கடையிலும் அப்படியேதான் இருந்தது.

நல்லதாகக் குடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, இஞ்சி போட்ட பிளேன்டீ கேளுங்கள், "சீனி தனியாக" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இஞ்சியை நசுக்கிப் போட வேண்டியிருப்பதால் பெரும்பாலும் புதிதாகத்தான் ஊற்றுவார்கள். வெல்லத் துண்டு இருந்தால் கடித்துக்கொண்டு குடியுங்கள். மற்றது, தொழிற்சாலைகளோடு சேர்ந்த தேநீர் நிலையங்கள். லபுக்கலை, தலவாக்கலைப் பக்கம் ரோட்டோரத்திலேயே இருக்கின்றன. அங்கே இலையைத் தேநீர்ச் சாடியில் போட்டு நேரம் பார்த்து வடித்துத் தருவார்கள். அதில் பால் சேர்த்துக் கெடுக்க வேண்டாம். எங்கள் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். அப்படியொரு நிலையத்தில் முதல் தடவை குடித்துவிட்டு, "இதுதான் நாம பறிச்சதா?" என்று கேட்டார்.

கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, பணிஸ் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். எடுத்ததற்கு மட்டும்தான். பிறகு தட்டில் மீதியை எண்ணிப் பார்த்துப் பில் போடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பயந்துபோய் முழுத்தட்டையும் சாப்பிட்டு முடித்த கதையெல்லாம் உண்டு.

ஆனால் ஒன்று. நீங்கள் மிச்சம் வைத்த தட்டு அடுத்த மேசைக்குப் போகும். அப்படியென்றால் உங்களுக்கு வந்ததும் எங்கேயோ போய்விட்டு வந்த தட்டுத்தான். சின்னப் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். எனவே நான் தட்டைத் தொடுவதில்லை. எழுந்து கண்ணாடிப் பெட்டிக்குப் போய், "அண்ணே, சூடா எது இருக்கு?" என்று கேட்பேன். உண்மையைச் சொல்வார்கள். "ரோல்ஸ் காலையில போட்டது, பருப்பு வடை இப்ப வரும்" என்று சொன்ன ஒரு நானா கடைக்கு (முஸ்லிம் கடை) இன்றைக்கும் போகிறேன்.

மத்தியானச் சோறு எப்படி?

மலையகத்தில் நம்பிச் சாப்பிடக்கூடியது இதுதான். லீக்ஸ், கரட், போஞ்சி, பீட்ரூட், கோவா எல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் விளைகின்றன. லீக்ஸை மெல்லிசாக அரிந்து, மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வதக்கி வைப்பார்கள். தண்டு இன்னும் கொஞ்சம் நறுக்கென்று கடிபட வேண்டும். கீரை மாதிரி குழைந்திருந்தால் காலையில் செய்தது என்று அர்த்தம். பீட்ரூட் கறி எந்தக் கடையிலும் சோடை போனதில்லை. நுவரெலியா, வெலிமடைக் கிழங்கா, இறக்குமதிக் கிழங்கா என்று சாப்பிட்டால் தெரியும். நம் ஊர்க் கிழங்கு மாவாக உடையும்.

சோறும் மரக்கறியும் இரண்டாம் தடவை கேட்டால் போடுவார்கள். மீன், இறைச்சி, முட்டைக்குத்தான் தனிக் காசு. சில கடைகளில் தட்டின் மேல் லன்ச் ஷீட் விரித்துச் சோறு போடுவதைப் பார்த்து முகம் சுளிப்பீர்கள். எனக்கும் பிடிக்காது. 2017 இலேயே பொலித்தீன் லன்ச் ஷீட்டுக்குத் தடை வந்தது, ஆனாலும் விதம் விதமாக ஏதோ ஒரு ஷீட் வந்துகொண்டேதான் இருக்கிறது. தட்டுக் கழுவும் வேலை மிச்சம், குளிர் தண்ணீரில் கை வைக்க வேண்டியதில்லை. கடைக்காரப் பொடியனின் வெடித்த விரல்களைப் பார்த்த பிறகு நான் வாக்குவாதம் செய்வதை விட்டுவிட்டேன். வாழையிலை இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன், சில நேரம் இருக்கும்.

மீன்?

யாழ்ப்பாணத்துக்காரர்களே, மட்டக்களப்புக்காரர்களே, தயவுசெய்து கேட்காதீர்கள். கடல் தூரம். ஐஸில் லொறி ஏறி வருகிற மீன் அது. குழம்பாக வைத்தால் சமாளிக்கலாம். பொரித்த மீனை விட்டுவிடுங்கள். நெத்தலியோ கருவாடோ டின்மீனோ இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். கிழங்கும் கருவாடும் சேர்த்து வைக்கிற பிரட்டலில் எங்கள் ஆட்கள் தோற்கவே மாட்டார்கள்.

நாங்கள் சைவம். கவனிக்க வேண்டியது என்ன?

மாசி, அதாவது மாசிக் கருவாடு. சம்பலிலும் கட்டைச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் அது தூளாகக் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சிங்களக் கடையில் "மரக்கறி மட்டும்" என்று கேட்டாலும் மாசியை அவர்கள் மீன் கணக்கில் சேர்க்காமல் விடுவதுண்டு. வஞ்சகம் கிடையாது, பழக்கம். "உம்பலகட தான்ன எபா" (மாசி போட வேண்டாம்) என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். பரிமாறும் கரண்டி ஒன்றுதான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்த சைவம்தான் வேண்டுமென்றால் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டி டவுன்களில் சைவக் கடைகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே இடம் பிடிக்க வேண்டியிருக்கும், ஆனால் அன்றைக்குத்தான் சாம்பாரில் காய் நிறைய இருக்கும். அதே வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் நானா கடைகள் மூடியிருக்கும், அதையும் கணக்கில் எடுங்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் திறக்கமாட்டார்கள். சில சாப்பாட்டுக் கடைகளும் மூடிக் கிடக்கும்.

கொத்து?

மழை நாளில், ராத்திரி ஏழு மணிக்கு, கல்லுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய சாமான் இது. பார்சல் கட்டி ரூமுக்குக் கொண்டுபோனால் அரை மணியில் களியாகிவிடும்.

கல்லைக் கவனியுங்கள். முதலில் லீக்ஸ், கரட், வெங்காயம், பச்சை மிளகாய், அதன் பிறகு முட்டை, பிறகுதான் பிய்த்த ரொட்டி. இரண்டு தகட்டையும் வைத்து அடிக்கும்போது ஆரம்பத்தில் கணீரென்று கேட்கும். குழம்பு ஊற்றியதும் சத்தம் மந்தமாகும். ஊற்றிய பிறகும் நாலைந்து நிமிஷம் அடித்தால் நல்ல கை. ஊற்றின கையோடு தட்டில் அள்ளினால் ரொட்டி ஒருபக்கம், குழம்பு ஒருபக்கம். "குழம்பு குறைவா, தனியா ஒரு கோப்பையில" என்று சொல்லிவிட்டால் வம்பே இல்லை. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே கேளுங்கள், பல இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கல்தான். "கல்லைக் கழுவிட்டுப் போடுங்க நானா" என்றால் முகம் கோணாமல் சுரண்டித் துடைத்துவிட்டுத்தான் போடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: ஹட்டன் போன்ற டவுன்கள் சீக்கிரம் தூங்கும். ஒன்பது மணிக்கு வந்து கொத்துத் தேடினால் நாய்கள்தான் வரவேற்கும்.

எல்ல ஊரில் இருக்கிற கஃபேக்கள் எப்படி? போட்டோவெல்லாம் அழகாக இருக்கிறதே?

போட்டோவில் இருப்பது மலை. அது உண்மையிலேயே அழகுதான். ஆனால் இணையத்தில் ஐந்து ஸ்டார் போட்டிருப்பவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். பாதிப் பேர் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதியிருக்கமாட்டார்கள்.

போன வருடம் தங்கச்சி குடும்பத்தோடு அப்படியொரு கஃபேக்குப் போனோம். பெயர் வேண்டாம். மரப் பலகைத் தளம், மெத்தை போட்ட இருக்கை, கீழே பள்ளத்தாக்கு. மெனு முழுக்க ஆங்கிலம். தங்கச்சி தமிழில் பேசியதும் பொடியன் கண் மலர்ந்து, "எந்தத் தோட்டம் அக்கா?" என்று கேட்டான். அவன் பசறைப் பக்கம். அவ்வளவு அன்பான பிள்ளை. ஆனால் சாப்பாடு வர ஒரு மணி பத்து நிமிஷம். எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு வெள்ளைக்காரர்களின் மேசைக்கு அதற்குள் தட்டு வந்து, சாப்பிட்டு, எழும்பியும் போய்விட்டார்கள். அவன்மேல் கோபம் இல்லை, உள்ளே வரிசையைத் தீர்மானிக்கிறவர் வேறொருவர். கடைசியில் வந்த சோறும் கறியும் உறைப்பே இல்லாமல், நோயாளிக்குச் சமைத்தது போல. கட்டைச் சம்பல் கேட்டோம். கொண்டுவந்ததில் தக்காளி சோஸ் வாசம் அடித்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். கோப்பி அருமையாக இருந்தது. கொட்டையை அப்போதுதான் அரைத்தார்கள். மலையகத்தில் தேயிலைக்கு முன்னால் கோப்பிதான் விளைந்தது, 1869 இல் இலைநோய் வந்து அழிந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, இப்போது இந்தக் கஃபேக்கள் வழியாக அது மெல்லத் திரும்பி வருகிறது. டொய்லெட்டும் பளிச்சென்று இருந்தது. குழந்தையோடு போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம்.

நான்கு பேருக்கு வந்த பில்லைப் பார்த்துத் தங்கச்சி புருஷன் ஒன்றும் பேசவில்லை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு வர்த்தமானியில் போட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். எங்கள் பில்லில் அப்படிப் பல நாள் சம்பளம் இருந்தது. அவர் தோட்டத்து கணக்கப்பிள்ளையின் மகன், தானாகவே மனக்கணக்குப் போட்டுவிடுவார்.

என்னைக் கேட்டால், கஃபேயில் கோப்பியும் கேக்கும் மட்டும் எடுத்து மலையைப் பாருங்கள். பசிக்கு டவுன் ரோட்டில் ரொட்டி தட்டிக் கொடுக்கிற அக்காவிடம் போங்கள்.

பில்லில் சேர்விஸ் சார்ஜ், வட் என்றெல்லாம் போடுகிறார்களே?

சேர்விஸ் சார்ஜ் வழக்கமாக 10 சதவீதம். கஃபேயிலும் ரெஸ்டோரண்டிலும் போடுவார்கள். மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், ஓடர் கொடுக்க முன் பாருங்கள். அதைக் கட்டினால் தனியாக டிப்ஸ் தேவையில்லை. வட் என்கிற வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். ஆனால் வருடத்துக்குக் கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கிறவர்கள்தான் கட்டாயமாக அந்தப் பதிவுக்குள் வருவார்கள். நாலு மேசைக் கடையில் வட் என்று எழுதிக் கொடுத்தால் பதிவு இலக்கம் எங்கே என்று தாராளமாகக் கேட்கலாம்.

தண்ணீர்ப் போத்தலையும் கவனியுங்கள். 2025 ஏப்ரலில் உச்ச விலை நிர்ணயித்தார்கள்: 500 மில்லி 70 ரூபாய், ஒரு லீட்டர் 100, ஒன்றரை லீட்டர் 130. "கூலிங் சார்ஜ்" என்று கூட்டிக் கேட்ட கடை ஒன்றை எனக்குத் தெரியும். நுவரெலியாவில், ஜனவரி மாதம், கூலிங் சார்ஜ்! வெளியே வைத்தாலே போத்தல் உறைந்துவிடும் போல இருந்தது.

சின்னக் கடைகளில் காசாகக் கொண்டுபோங்கள். கார்ட் மெஷின் இருந்தாலும் மழைக்கு லைன் போய்விடும்.

ஏப்ரலில் நுவரெலியா வரலாமா?

வசந்த காலம், பூக் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று ஊரே திருவிழாவாக இருக்கும். பார்க்க வாருங்கள். சாப்பிட நானுஓயாவுக்கோ தலவாக்கலைக்கோ இறங்கிவிடுங்கள். அந்த நாட்களில் விலை ஏறும், வேலைக்குத் தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள், ருசி இறங்கும். ஸ்ட்ரோபெரி மில்க் ஷேக் குடிக்கத்தான் வேண்டுமென்றால் பழத்தைக் கண்முன்னால் போட்டு அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சிவப்புப் பாணிதான்.

சிவனொளிபாதமலை ஏறும்போது சாப்பாடு கிடைக்குமா?

டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சீசன். நல்லதண்ணியிலிருந்து படிக்கட்டு வழியெல்லாம் ராத்திரி முழுக்கக் கடைகள் இருக்கும். மேலே போகப் போக விலையும் ஏறும். சாமான் எல்லாம் தோளில் சுமந்து ஏற்றுவது, அதனால் பேரம் பேச எனக்கு மனம் வருவதில்லை. சீசன் இல்லாத மாதங்களில் வந்தால் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள்.

சாப்பாடு கெட்டுப்போயிருந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் முதலாளியிடம், சத்தம் போடாமல். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். சுத்தம் சம்பந்தமாக என்றால் அந்தப் பகுதி பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். விலை சம்பந்தமாக என்றால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம். பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, தனியாக இருந்தால் நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?

தலவாக்கலையில் இறங்க வேண்டி வந்தால், பின்னேரம் மூன்றரைக்கு ஒரு பேக்கரிக்குப் போவேன். சாயங்காலப் பாண் வெளியே வருகிற நேரம் அது. வாசம் பஸ் நிலையம் வரை வரும். மீன் வைத்த மாலு பணிஸ் இரண்டு, ஒரு இஞ்சி பிளேன்டீ. பணிஸைப் பிய்த்தால் ஆவி மூக்குக் கண்ணாடியில் படியும். துடைத்துவிட்டுப் பார்த்தால் சிலசமயம் பஸ் போயிருக்கும், அடுத்தது அரை மணி கழித்து. அப்படியான நாளில் மூன்றாவது பணிஸும் உண்டு.